சுமை என்று தெரிந்து சுமப்போம்!

(பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: ‘சொந்தக் கார் குடும்பத்துக்குச் சுகமா? சுமையா?’ ‘சுமையே’ என்ற அணியில் பேசியது.)

பெருமைக்குரிய நடுவர் அவர்களே! எதிரே சுகமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் சுக அணி நண்பர்களே! சுமையை என் தலையில் இறக்கி வைத்துவிட்டுப் போன எங்கள் அணித் தலைவர் அவர்களே! அரங்கம் நிறைந்திருக்கிற பெரியோர்களே! பொங்கல் பானையை இறக்கி வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மா என்ன சொன்னாங்க? “சாவியைத் திருகினால் வண்டி புறப்படுகிறது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி இறங்குகிறது. இன்னொரு பொத்தானை அழுத்தினால் நாலு கதவும் பூட்டிக்கொள்கிறது. விரல் நுனியிலே சுகம்!” என்றார்கள். நல்லாத்தான் சொன்னாங்க. நானும் கைதட்டினேன். ஆனால் ஒரே ஒரு கேள்வி. பொத்தானை அழுத்தி, கண்ணாடி இறங்காத ராத்திரி ஒன்றை அந்த அம்மா பார்த்திருக்காங்களா? நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். காருக்குள் மின்சாரம் நல்ல எண்ணத்தோடுதான் வந்தது. ஒரு காலத்தில் வண்டியைக் கிளப்ப முன்பக்கம் போய் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். எஞ்சின் திடீரென்று எதிர்த் திசையில் உதைத்தால், சுற்றியவர் கை முறியும். அந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். அவருடைய மின்சார ஸ்டார்ட்டர், 1912-ஆம் ஆண்டின் காடிலாக் காரில் வந்தது. கை பிழைத்தது.

அதோடு நிறுத்தினோமா? விளக்கு, ஹாரன், வைப்பர், பாட்டுப்பெட்டி, கண்ணாடி, பூட்டு, ஏ.சி. என்று ஒவ்வொன்றாக அந்த பேட்டரி தலையிலே கட்டினோம். இன்றைக்கு எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர், பிரேக்குக்கு ஒன்று, காற்றுப்பைக்கு ஒன்று. வண்டிக்குள் ஓடுகிற வயரையெல்லாம் கழற்றிக் கொடி கட்டினால் தெரு முழுக்கத் துணி காயப்போடலாம்! (சிரிப்பு) அத்தனை வயரில் ஒன்று, எங்கேயோ ஓர் இடத்தில், ஒரு தகரத்தில் உரசினால் போதும். அங்கே ஆரம்பிக்கிறது நம்ம கதை.

என் கதையைச் சொல்கிறேன்.

நான் வாங்கியது பழைய கார். வாத்தியார் சம்பளத்துக்கு அதுதான். ராத்திரியில் வெளிச்சம் போதவில்லை என்று எனக்கு ஒரு குறை. வண்டியோடு வந்த பல்பு 60 வாட். கடைக்காரர் சொன்னார்: “சார், 100 வாட் பல்பு இருக்கு. ஜோடி நானூறு ரூபாய். பகல் மாதிரி இருக்கும். ஆனா ரிலே வச்சுத் தனி வயர் போடணும். அதுக்கு ஆயிரத்து இருநூறு ஆகும்.” நான் கேட்டேன்: “தம்பி, பல்பு மட்டும் போட்டா எரியாதா?” “எரியும் சார்.” “அப்ப அது மட்டும் போடு.”

எரியும் என்று அந்தப் பையன் சொன்னது பல்பைத்தான். நான் அதோடு விட்டுவிட்டேன். (சிரிப்பு)

என் வீட்டுக்காரி அப்பவே கேட்டாள்: “ஏங்க, இருக்கிற விளக்கு நல்லாத்தானே இருக்கு?” நான் சொன்னேன்: “உனக்கு இதெல்லாம் தெரியாது.” முனைவர் பட்டம் வாங்கியவன் இல்லையா நான்! ஐந்திலக்கணமும் படித்தவனுக்கு ஆறாவதாக வயரிங் வராதா?

2023 மே மாதம். திருநெல்வேலியில் ஒரு கிரகப்பிரவேசம். மதுரையிலிருந்து பொழுது சாய்ந்த பிறகு புறப்பட்டோம். முன்னால் நானும் அவளும். பின்னால் மூன்று வயதுப் பேத்தி, சீட்டிலே தூங்கிக்கொண்டு வருகிறாள். விருதுநகர் தாண்டும்போது விளக்கு போய்விட்டது. வழியோரம் ஒரு கடை. அங்கிருந்த பையன் பார்த்துவிட்டு, “ஃபியூஸ் போயிருச்சு சார்” என்று புதிது போட்டான். உடனே அதுவும் போனது. இன்னொன்று போட்டான். அதுவும் போனது. “இது நிக்காது போல சார். நான் ஒரு ஏற்பாடு பண்றேன்” என்று, ஒரு செம்புக் கம்பியை முறுக்கி அந்த இடத்தில் சொருகினான். விளக்கு பளிச்சென்று எரிந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்! அம்பது ரூபாய் கொடுத்தேன்.

வீட்டுக்காரி கேட்டாள்: “ஏங்க, அந்தப் பையன் என்னமோ கம்பியைச் சொருகினானே, சரிதானா?” நான் சொன்னேன்: “வெளிச்சம் வருதுல்ல? பேசாம வா.”

சாத்தூர் தாண்டியாச்சு. கோவில்பட்டி தாண்டியாச்சு. மூன்றாவது தடவையாகச் சொன்னாள்: “ஏங்க, ஏதோ கருகுற வாடை வருது.” நான் சொன்ன பதில் என்ன தெரியுமா? “வெளியில யாரோ குப்பை எரிக்கிறாங்க.”

குப்பை எரியவில்லை. என் வண்டி எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த நிமிடம் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை. பட்டென்று எல்லாம் அடங்கிவிட்டது. விளக்கு இல்லை. எஞ்சின் இல்லை. ஸ்டீரிங் கல்லாய்க் கனக்கிறது. நான்குவழிச் சாலை, கும்மிருட்டு, பின்னாலே லாரிகள். ஓடி வந்த வேகத்திலேயே எப்படியோ ஓரத்துக்கு இழுத்து நிறுத்தினேன். அபாய விளக்கைத் தட்டினேன், எரியவில்லை. கண்ணாடிப் பொத்தானை அழுத்தினேன், இறங்கவில்லை. பூட்டுப் பொத்தானை அழுத்தினேன், வேலை செய்யவில்லை. உள்ளே புகை நிறைகிறது. பின்னால் குழந்தை முழித்துக்கொண்டு இருமுகிறாள்.

நான் என் பக்கத்துக் கதவின் குமிழைக் கையால் தூக்கி வெளியே குதித்துவிட்டேன். பின் கதவை இழுக்கிறேன், பூட்டியிருக்கிறது. உள்ளே சைல்டு லாக். வெளியே மத்தியப் பூட்டு. என் வீட்டுக்காரி முன் சீட்டிலிருந்து திரும்பி, இருட்டில் தடவித் தடவி, பின் கதவின் அந்தச் சின்னக் குமிழைக் கண்டுபிடித்துத் தூக்கினாள். கதவு திறந்தது. பிள்ளையை அள்ளிக்கொண்டு சாலையை விட்டுத் தள்ளி ஓடினோம்.

நடுவர் அவர்களே, அந்தக் குமிழ் சுண்டுவிரல் அளவுகூட இருக்காது. என் பேத்தி அதைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு வெளியே வந்தாள். (அரங்கில் அமைதி)

புகை தானாக அடங்கியது. வண்டி கொழுந்துவிட்டு எரியவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம், என் சாமர்த்தியம் இல்லை. வண்டியை இழுத்துக்கொண்டு மதுரை போய்ச் சேர்ந்தோம். எங்கள் தெரு எலக்ட்ரீசியன் பாய் டேஷ்போர்டைக் கழற்றி, கருகிய வயர்க் கற்றையைக் கையில் கொடுத்தார். எல்லா வயரும் உருகி ஒன்றோடொன்று ஒட்டிப் புளியங்காய் மாதிரி இருந்தது. அப்புறம் அவர் எனக்கு ஒரு பாடம் நடத்தினார். உங்களுக்கும் சொல்கிறேன்.

“ஐயா, 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு இழுக்கிற மின்சாரம் 5 ஆம்பியர். 100 வாட் பல்பு இழுக்கிறது 8 ஆம்பியருக்கு மேல. வயர் அதே பழைய வயர். மின்சாரம் ஒன்றரை மடங்கைத் தாண்டினா சூடும் ஒன்றரை மடங்குன்னு நினைக்காதீங்க. வர்க்கக் கணக்கில ஏறும். கிட்டத்தட்ட மூணு மடங்கு சூடு. வயர் மேலே இருக்கிற தோல் இளகும். இளகின இடத்தில தகரத்தைத் தொடும். தொட்டா ஷார்ட்.”

நான் கேட்டேன்: “பாய், வெறும் 12 வோல்ட்தானே? தொட்டாக்கூட ஷாக் அடிக்காதே?”

“ஷாக் அடிக்காது ஐயா. நெருப்பு வைக்கும். ஷார்ட் ஆனா அந்த பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில கொட்டும். அதைத் தடுக்கத்தான் ஃபியூஸ் வச்சிருக்கான். நகத்தளவு பிளாஸ்டிக். சிவப்புன்னா 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. அளவுக்கு மேல மின்சாரம் வந்தா, வயர் கருகுறதுக்கு முன்னால அது தன்னையே அறுத்துக்கும். ரெண்டு தடவை அறுத்துக்கிச்சே, அது உங்ககிட்ட என்ன சொல்லுச்சு? ‘எங்கேயோ தப்பு இருக்கு, பாரு’ன்னு சொல்லுச்சு. நீங்க என்ன பண்ணீங்க? சொன்னவன் வாயில கம்பியை வச்சு அடைச்சீங்க!”

நாற்பது பேருக்கு முன்னால் நின்று பாடம் நடத்துகிறவன் நான். அன்றைக்கு பாய் முன்னால் தலைகுனிந்து நின்றேன்.

இனிச் செலவுக்கு வருவோம். புது வயர்க் கற்றை, பிரித்து மாட்டுகிற கூலி, பாழான பாகங்கள் எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய். ஆயிரத்து இருநூறை மிச்சம் பிடித்தவன் கட்டிய தொகை அது! சரி, காப்பீடு இருக்கிறதே என்று போனேன். நம் நாட்டு வாகனக் காப்பீட்டு ஒப்பந்தத்தை நீங்கள் என்றைக்காவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா? தீ, வெடிப்பு, தானே தீப்பற்றுதல், மின்னல், இதற்கெல்லாம் பணம் உண்டு என்று ஒரு பத்தி. தேய்மானம், இயந்திரப் பழுது, மின்பழுது, இதற்கெல்லாம் பணம் இல்லை என்று இன்னொரு பத்தி. மதிப்பீட்டாளர் வந்து பார்த்தார். “சார், இது தீ இல்லை. மின்பழுது. அதுவும் நீங்களே மாற்றின வயரிங்” என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது: வண்டி முழுசாக எரிந்திருந்தால் பேச்சுக்காவது இடம் இருந்திருக்கும். நடுவிலேயே அணைந்து என் குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டதால் ஒரு பைசா கிடையாது! (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணித் தலைவர் சிரிக்கிறார். என்ன சொல்லப் போகிறார் என்று தெரியும். “பேராசிரியரே, தப்பு உங்க மேல. காரை ஏன் குறை சொல்றீங்க?” என்பார். ஒப்புக்கொள்கிறேன் ஐயா. என் விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். ஆனால் தப்பே செய்யாதவன் கதியைப் பாருங்கள்.

எங்கள் தெருவில் ஒருவர் வண்டியைத் தொட்டுத் துடைப்பதோடு சரி, ஒரு பல்புகூட மாற்றியதில்லை. பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து சாவியைத் திருகினார். வண்டி அசையவில்லை. பானெட்டைத் திறந்தால், உள்ளே எலி குடித்தனம் நடத்தியிருக்கிறது! வயரையெல்லாம் கடித்துப் போட்டிருக்கிறது. பிள்ளையார் வாகனம் இவர் வாகனத்தைத் தின்றுவிட்டது. யாரிடம் போய் முறையிடுவது? (சிரிப்பு)

வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை மூழ்கியது. அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களும் மூழ்கின. வாசலில் சும்மா நின்ற வண்டிகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வயர் இணைப்புகளில் ஈரம், கம்ப்யூட்டர் பெட்டியில் சேறு. தண்ணீர் வடிந்ததும் மனுஷன் முதலில் என்ன செய்வான்? “ஓடுதா பார்ப்போம்” என்று சாவியைத் திருகுவான். அங்கேதான் ஆபத்து. ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து பிழைத்திருந்த பாகமும் போகும். எஞ்சின் தண்ணீரை உறிஞ்சினால் எஞ்சினே உடையும். “நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம்” என்று காப்பீட்டிலும் கையை விரிப்பார்கள், எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டியிருந்தால் ஒழிய.

சரி, மூன்றாவது ஆளுக்கு வருகிறேன். வண்டியைச் செய்கிறவர். எனக்கு ஃபியூஸ் சொன்ன மாதிரி, அவருக்கும் யாராவது சொல்லத்தானே செய்வார்கள்? கேட்கிறாரா?

2014-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. என்ன கோளாறு? சாவி போடுகிற சுவிட்ச். அதன் பிடிமானம் போதவில்லை. வண்டி ஓடும்போதே, கனமான சாவிக்கொத்து ஆடினால், முழங்கால் இடித்தால், சாவி தானாகத் திரும்பி எஞ்சின் அணைந்துவிடும். ஸ்டீரிங் கனத்துப்போகும். மோதினால் காற்றுப்பையும் விரியாது. கோவில்பட்டி தாண்டி எனக்கு நடந்தது, அங்கே புது வண்டி வாங்கியவருக்கு நடந்தது. அந்த நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே 124 சாவுகளை ஒப்புக்கொண்டது. சுவிட்சைச் சரிசெய்ய எவ்வளவு ஆகியிருக்கும்? வண்டிக்கு 57 சென்ட் என்று அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் சொல்லப்பட்டது. ஒரு டாலர்கூட இல்லை! கோளாறு இருப்பது நிறுவனத்துக்குள் பத்தாண்டுக்கு முன்பே சிலருக்குத் தெரியும். புகார்கள் வந்தன. பொறியாளர்கள் சொன்னார்கள். கேட்கவில்லை. 2015-இல் 90 கோடி டாலர் கட்டினார்கள். பணம் கட்டலாம். 124 பேர் திரும்பி வருவார்களா?

நானாவது ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு ஆசைப்பட்ட வாத்தியார். அவ்வளவு பெரிய நிறுவனம் 57 சென்ட்டைப் பார்த்துத் தயங்கியிருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் செய்த தப்பு ஒன்றுதான். சொன்னதைக் கேட்கவில்லை.

அதனால்தான் இன்னொன்றையும் சொல்கிறேன். நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-இல் திருத்தி, 110ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஒரே வகை வண்டியில் ஆபத்தான கோளாறு இருக்கிறது என்று அரசுக்குப் போதிய எண்ணிக்கையில் புகார் வந்தால், அவற்றைத் திரும்பப் பெறும்படி தயாரிப்பாளருக்கு அரசு ஆணையிடலாம். புகார் யார் சொல்ல வேண்டும்? நாம்தான். தப்பே செய்யாத வண்டியில் வயர் புகைந்தால், “நம்ம நேரம்” என்று தலையில் அடித்துக்கொண்டு, பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். எழுத்தில் கொடுங்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். ரசீதை வையுங்கள். உங்கள் ஒரு புகார், அதே வண்டியில் போகிற இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு ஃபியூஸ். (கைதட்டல்)

தாய்மார்களே, உங்களுக்குத் தனியாக நாலு வார்த்தை. ஏனென்றால் கேட்கிறவர்கள் நீங்கள்தான். ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும். கம்பியோ சிகரெட் பெட்டி வெள்ளித்தாளோ வைத்தால் வண்டியை எடுக்க விடாதீர்கள். மறுபடியும் போனால் வண்டி ஓடக்கூடாது, எலக்ட்ரீசியன்தான் ஓடி வர வேண்டும். கருகல் வாடை வந்தால் ஓரம் கட்டி, சாவியை அணைத்து, எல்லாரையும் இறக்கித் தள்ளிக் கூட்டிப்போங்கள். பெட்டியை எடுக்கிறேன், பத்திரத்தை எடுக்கிறேன் என்று திரும்பப் போகாதீர்கள். பானெட்டுக்குள் தீ என்றால் அதை அகலத் திறக்காதீர்கள். காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும். 101-ஐயோ 112-ஐயோ கூப்பிடுங்கள். வண்டிக்குள் கைக்கெட்டும் இடத்தில் கண்ணாடி உடைக்கிற சின்னச் சுத்தியல் ஒன்று இருக்கட்டும். பக்கத்துக் கண்ணாடியின் மூலையில் அடித்தால் உடையும். முன் கண்ணாடி அப்படி உடையாது. வெள்ளத்தில் நின்ற வண்டியில் சாவியே போடாதீர்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு இழுத்துக்கொண்டு போங்கள். அதற்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும், பெரும்பாலான வண்டிக்கு. இன்றைக்கு ராத்திரியே பிள்ளைகளைக் கூட்டிப்போய், மின்சாரம் இல்லாமல் கதவு எப்படித் திறக்கும் என்று ஒருமுறை திறந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

கண்டித்துச் சொல்ல ஆளில்லாத அரசன், கெடுக்கிறவர் யாரும் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்று ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார். அரசனுக்கு அமைச்சர். காருக்கு ஃபியூஸ். எனக்கு என் வீட்டுக்காரி. மூன்று தடவை அறுத்து அறுத்துச் சொன்னாள். மூன்று தடவையும் நான் கம்பி சொருகினேன்! (நீண்ட கைதட்டல்)

நடுவர் மணி அடித்துவிட்டார். அந்த மணியும் ஒரு ஃபியூஸ்தான், நான் கேட்டுக்கொள்கிறேன்.

முடிவாக ஒன்று. காரை விற்றுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நானும் விற்கவில்லை. ஆனால் சுகம் என்று நினைத்தவன் சாய்ந்து உட்காருவான், தூங்கிப்போவான். சுமை என்று தெரிந்தவன் இருபக்கமும் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பான். தலையில் தண்ணீர்க் குடம் சுமந்து வருகிற நம் ஊர்ப் பெண் சிந்தாமல் வீடு வந்து சேருகிறாளே, எப்படி? குடம் கனக்கிறது என்பதை அவள் ஒரு நொடிகூட மறப்பதில்லை. உள்ளே பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டுகிற நாமும் மறக்க வேண்டாம். எனவே நடுவர் அவர்களே, சொந்தக் கார் சுமையே, சுமையே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு, என் வண்டியில் இப்போது 60 வாட் பல்புதான் எரிகிறது என்பதையும் பணிவோடு தெரிவித்து விடைபெறுகிறேன்.